பாலைவனத்தில் மழைக்கு நடுங்கும் சுவர்கள்!

ஒரு சின்ன க்விஸ். பாலைவனத்து ஊர் ஒன்றில் ஒரு வீடு. வருஷத்தில் முக்கால்வாசி நாள் சுள்ளென்று வெயில். இந்த வீட்டின் வெளிச்சுவருக்குப் பெரிய வில்லன் யார்?

'இதென்ன கேள்வி, வெயில்தான்!' என்று சொன்னவர்கள் எல்லாம் அப்படியே பெஞ்ச் மேல ஏறி நில்லுங்க. சரியான விடை... தண்ணீர்!

நம்ப முடியலையா? வாங்க, அமெரிக்காவின் தென்மேற்குப் பக்கம் ஒரு ட்ரிப் அடிப்போம். நியூ மெக்சிகோ மாநிலம். அல்புகர்க்கியில் இறங்கி, சான்டா ஃபே வழியாக, தாவோஸ் வரை. மொத்தம் இருநூற்றுச் சொச்சம் கிலோமீட்டர். மற்றவர்கள் எல்லாம் இந்த ரூட்டில் மலை பார்க்கப் போவார்கள், பனிச்சறுக்கு விளையாடப் போவார்கள். நாம் போவது சுவர் பார்க்க!

'சுவரைப் பார்க்கவா இவ்வளவு தூரம்?' என்று முறைக்காதீங்க பாஸ். இந்த ரூட்டின் கடைசியில் ஒரு பழைய சர்ச் இருக்கிறது. நல்லது செய்வதாக நினைத்து அதற்குப் போட்ட ஒரு பூச்சு, பன்னிரண்டே வருஷத்தில் அதை உள்ளுக்குள்ளேயே கரைக்க ஆரம்பித்தது. அந்தக் கதையைத் தெரிந்துகொண்டால், அப்புறம் எந்த ஊர்ச் சுவரைப் பார்த்தாலும் வேற மாதிரி தெரியும்.

காலேஜுக்கே மண் கலர்!

முதல் ஸ்டாப், அல்புகர்க்கி. 2008 முதல் 2013 வரை வந்த 'பிரேக்கிங் பேட்' சீரியலை எடுத்த ஊர் என்றால் சிலருக்குச் சட்டென்று பிடிபடும். கடல் மட்டத்திலிருந்து ஐயாயிரம் அடிக்கு மேலே இருக்கிற பாலைவனம். அதனால் 'ஹை டெசர்ட்' என்பார்கள். வருஷம் முழுக்கப் பெய்கிற மழையே சுமார் 23 சென்டிமீட்டர்தான்.

இங்கே நியூ மெக்சிகோ பல்கலைக்கழகத்துக்குள் நுழைந்தால் ஒரு நிமிஷம் திகைத்துப்போவீர்கள். கண்ணாடி மாளிகைகளை எதிர்பார்த்துப் போனால், மண் கலரில் கட்டடங்கள். முனைகள் எல்லாம் மழுங்கியிருக்கும். கூரை தட்டையான மொட்டை மாடி. சுவரிலிருந்து மர உத்தரங்கள் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். ஜான் கா மீம் என்ற ஆர்க்கிடெக்ட் வடிவமைத்து 1938-ல் வந்த ஸிம்மர்மன் லைப்ரரியைப் பார்த்தால், ஏதோ பழங்காலக் கோட்டைக்குள் புத்தகம் எடுக்கப் போகிற ஃபீலிங் வரும்.

இந்த ஸ்டைலுக்குப் பின்னால் ஒரு குட்டிக் கதை உண்டு. 1892-ல் கட்டிய முதல் கட்டடமான ஹாட்ஜின் ஹால், செங்கல்லும் சாய்வுக் கூரையுமாக, அந்தக் காலத்து மற்ற அமெரிக்க காலேஜ் மாதிரியேதான் இருந்தது. அப்போது பல்கலைக்கழகத் தலைவராக இருந்த வில்லியம் டைட், 1908-ல் அதைப் ப்வெப்லோ பழங்குடி மக்களின் மண் வீடு மாதிரி மாற்றினார். கேலியும் எதிர்ப்பும் கிளம்பியது. 1909-ல் அவருடைய பதவியே போய்விட்டது. ஆனால் பாருங்க, இன்றைக்கு அந்த ஸ்டைல்தான் அந்தப் பல்கலைக்கழகத்தின் முகவரி!

சரி, கொஞ்சம் பக்கத்தில் போய்ச் சுவரைத் தட்டிப் பாருங்கள். பார்க்கத்தான் மண். பெரும்பாலும் உள்ளே மண் கிடையாது. மேலே இருப்பது ஸ்டக்கோ.

ஸ்டக்கோ என்றால் பயந்துவிட வேண்டாம். கொத்தனார் பாஷையில் சொன்னால் வெளிப்பூச்சு, அவ்வளவுதான். சிமெண்ட், சுண்ணாம்பு, மணல், தண்ணீர். இந்த ஊரில் இன்றைய வீடுகள் பலவும் மரச்சட்டத்தில் நிற்பவை. சட்டத்தின் மேல் பலகை, அதன் மேல் தண்ணீர் இறங்காத காகிதம், அதன் மேல் கம்பி வலை. வலை மேல் மூன்று கோட் பூச்சு. முதல் கோட் ஈரமாக இருக்கும்போதே சீப்பு மாதிரி ஒரு கருவியால் கோடு கோடாகக் கீறி விடுவார்கள். அடுத்த கோட் பிடித்துக்கொள்ளத்தான் இந்தக் கீறல். இரண்டாவது கோட் சுவரை மட்டம் பண்ண. மூன்றாவது மெல்லிசான கலர் கோட். கலரைக் காரையிலேயே கலந்துவிடுவதால் தனியாகப் பெயிண்ட் தேவையில்லை.

மூன்றும் சேர்ந்து சுமார் 22 மில்லிமீட்டர். ஒரு இஞ்சு கூட இல்லை. இதுதான் வீட்டோட தோல். வெயில், மழை, பனி, புழுதிக்காற்று எல்லாவற்றையும் இது ஒன்றுதான் வாங்கிக்கொள்கிறது.

ஒரே கலர்... மூணு கேரக்டர்!

அல்புகர்க்கியில் இருந்து 'ரெயில் ரன்னர்' ரயிலைப் பிடித்தால் சான்டா ஃபே. அமெரிக்க மாநிலத் தலைநகரங்களிலேயே அதிக உயரத்தில் இருக்கிற ஊர். ஏறக்குறைய ஏழாயிரம் அடி! 1610-ல் கட்ட ஆரம்பித்த கவர்னர் மாளிகை இன்னமும் ஊர் நடுவில் ஜம்மென்று நிற்கிறது.

தெருவில் நடந்தால் எந்தப் பக்கம் திரும்பினாலும் பழுப்பு. கடை பழுப்பு, வீடு பழுப்பு, ஹோட்டல் பழுப்பு. தற்செயல் கிடையாது, சட்டம்! பழைய ஊர்ப் பகுதியில் கட்டடங்கள் இந்தப் பாரம்பரிய ஸ்டைலில்தான் இருக்க வேண்டும் என்று 1957-ல் நகராட்சி விதி போட்டது.

இங்கேதான் ஒரு கண்கட்டு வித்தை. பக்கத்துப் பக்கத்தில் மூன்று வீடு. மூன்றும் ஒரே மாதிரி இருக்கும். ஆனால் உள்ளுக்குள் மூன்றும் வேறு வேறு ஆள்.

முதல் வீடு, அசல் அடோபி. அதாவது மண், மணல், வைக்கோல் கலந்து, அச்சில் வார்த்து, வெயிலிலேயே காயவைத்த பச்சைக் கல். சூளை கிடையாது. ஒரு கல் பதினாலு இஞ்சு நீளம், பத்து இஞ்சு அகலம், நாலு இஞ்சு உயரம், ஏறக்குறைய பதினாலு கிலோ எடை. 'அடோபி' என்ற வார்த்தையே அரபியில் செங்கல்லைக் குறிக்கும் 'அத்-தூப்' ஸ்பெயினுக்குப் போய்த் தேய்ந்து வந்தது. இந்த முதல் வீட்டுக்கு மேல்பூச்சும் மண்தான்.

இரண்டாவது வீடு, உள்ளே அடோபி, மேலே சிமெண்ட் ஸ்டக்கோ.

மூன்றாவது வீடு, உள்ளே மரச்சட்டம், மேலே சிமெண்ட் ஸ்டக்கோ. அடோபி மாதிரி வேஷம் மட்டும்!

கண்ணுக்கு மூன்றும் ஒன்று. ரிப்பேருக்கு மூன்றும் வேறு. மூன்றாவது வீட்டுக்குக் கொடுக்கிற மருந்தை இரண்டாவது வீட்டுக்குக் கொடுத்தால் என்ன ஆகும்? அந்தக் கதைக்குக் கொஞ்ச நேரத்தில் வருகிறேன். முதலில், சுவருக்கு நோய் எப்படி வருகிறது என்று பார்த்துவிடலாம்.

வெயில் கதவைத் திறக்கும்... தண்ணி உள்ளே புகும்!

இந்த ஊரில் பகலுக்கும் ராத்திரிக்கும் நடுவே பதினைந்து டிகிரி வித்தியாசம் சர்வ சாதாரணம். பகலில் சுவர் சூடேறி விரியும். ராத்திரி குளிர்ந்து சுருங்கும். தினமும். இதில் விழுவதுதான் மயிரிழை விரிசல். ஆகவே, வெயில் செய்கிற வேலை விரிசலைத் திறந்து வைப்பது. அதோடு அது ஒதுங்கிக்கொள்ளும்.

அடுத்து ஜூலை. இங்கேயும் மழைக்காலத்துக்குப் பெயர் 'மான்சூன்'தான்! வருஷம் முழுக்கப் பெய்வதில் பெரும்பங்கு ஜூலையில் இருந்து செப்டம்பருக்குள் கொட்டித் தீர்த்துவிடும். அதுவும் நிதானமான மழையா? மத்தியானம் வரை பளிச்சென்ற வானம். சாயங்காலம் இடி, மின்னல், சரமாரி. அரை மணியில் தெரு ஓடை. தட்டையான மொட்டை மாடி என்பதால் தண்ணீர் முழுக்க, கைப்பிடிச் சுவரைத் துளைத்து நீட்டியிருக்கிற 'கனாலே' என்ற தூம்பு வழியாகத்தான் வெளியே விழ வேண்டும். அந்தத் தூம்பில் நாலு இலை அடைத்தால் போதும், தண்ணீர் தேங்கி, சுவருக்குள் வழி தேடும்.

அடுத்து குளிர்காலம். விரிசலுக்குள் போன தண்ணீர் ராத்திரி உறையும். உறைந்தால் ஒன்பது சதவீதம் பெருக்கும். சுவருக்குள் யாரோ ஆப்பு வைத்து அடிக்கிற மாதிரி! காலையில் உருகும், விரிந்த இடத்துக்குள் இன்னும் கொஞ்சம் இறங்கும், மறுபடி உறையும். ஒரு சீஸனில் இது எத்தனை தடவை நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

மழையே இல்லாத ஊரில் சுவர் மழையால் சாகிற ரகசியம் இதுதான். தினமும் மழை பெய்கிற ஊரில் வீடு கட்டுகிறவன் தண்ணீரை நினைத்துத்தான் கட்டுவான். பாலைவனத்தில் ஆள் அசந்துவிடுவான். 'பெய்யறதே பத்து நாள்' என்ற அந்த அலட்சியம்தான் தண்ணீருக்குக் கேட்பாஸ்.

தட்டிப் பார்... சுவர் பேசும்!

சுவருக்கு ஸ்கேன் மிஷின் எல்லாம் வேண்டாம். கண்ணும் கையும் போதும். மழைக்காலத்துக்கு முன்னால் ஒரு தடவை, பனிக்காலத்துக்கு முன்னால் ஒரு தடவை வீட்டைச் சுற்றி வந்தால் பாதி நோயைத் தொடக்கத்திலேயே பிடித்துவிடலாம்.

விரிசலைப் பாருங்கள். நகம் நுழையாத மயிரிழை விரிசல் என்றால் பதற வேண்டாம். சுவர் மூச்சு விடுகிறது என்று எடுத்துக்கொள்ளலாம். ஜன்னல் மூலையில் இருந்து சாய்வாகக் கிளம்புகிற விரிசலும் சகஜம்தான். ஆனால் மூன்று மில்லிமீட்டருக்கு மேல் அகலம், படிக்கட்டு மாதிரி ஏறுகிற விரிசல், அல்லது விரிசலின் ஒரு பக்கம் மேடு, மறுபக்கம் பள்ளம் - இது பூச்சின் பிரச்னை இல்லை. சுவரோ அஸ்திவாரமோ அசைகிறது. பூசி மறைத்தால் மறுபடி வரும்.

விரல் முட்டியால் தட்டுங்கள். 'டொக்' என்றால் ஓகே. 'டொப்' என்று பொத்தலாகக் கேட்டால், பூச்சு உள்சுவரை விட்டுக் கழன்று நிற்கிறது.

கலரைப் பாருங்கள். வெள்ளையாக உப்புப் பூத்திருந்தால் தண்ணீர் உள்ளே போய் வெளியே வருகிறது. துருக் கலரில் வழிந்திருந்தால் கம்பி வலை வரைக்கும் தண்ணீர் போய்விட்டது.

கடைசியாகக் குனிந்து பாருங்கள். தரையும் பூச்சும் தொடக்கூடாது. மரச்சட்ட வீட்டில் பூச்சின் அடிவிளிம்பு மண்ணிலிருந்து நாலு இஞ்சாவது மேலே நிற்க வேண்டும். உள்ளே போன ஈரம் வடிந்து வெளியேற அதுதான் வழி. தோட்டத்து மண்ணை அணைத்துக் குவித்தால் அந்த வழி அடைபடும். செடிக்கு வைத்த ஸ்ப்ரிங்க்ளர் தினமும் சுவரைக் குளிப்பாட்டினாலும் இதே கதிதான். இயற்கை வருஷத்துக்குப் பத்து மழை கொடுத்தால், அந்த ஸ்ப்ரிங்க்ளர் முந்நூற்றறுபத்தைந்து மழை கொடுக்கும்!

ஒட்டுப் போடுவதும் ஒரு கலை

மூன்றாவது வகை வீட்டில், பொத்தலாகச் சத்தம் கேட்ட இடத்தை என்ன செய்வது? வேலை இப்படித்தான் போகும்.

கழன்ற பூச்சை, கெட்டியான இடம் வரும்வரை வெட்டி எடுக்க வேண்டும். பாதியில் நிறுத்தினால் ஒட்டு நிற்காது. உள்ளே காகிதம் கிழிந்திருந்தால் புதுசு செருக வேண்டும். அதிலும் ஒரு விதி: மேல் காகிதம் கீழ்க் காகிதத்தின் மேல் ஏறி உட்கார வேண்டும், கூரை ஓடு மாதிரி. மாற்றி வைத்தால் தண்ணீரை நாமே உள்ளே அழைத்து உட்கார வைத்த மாதிரி. பிறகு வலையைப் பழைய வலையோடு கட்டி, பழைய பூச்சின் விளிம்பை நனைத்து, முதல் கோட்.

இப்போதுதான் பாலைவனம் தன் குணத்தைக் காட்டும். சிமெண்ட் 'காய்வதால்' கெட்டியாவதில்லை. தண்ணீரோடு சேர்ந்து வினைபுரிவதால்தான் கெட்டியாகிறது. இந்த ஊர்க் காற்றோ ஈரத்தை ஸ்ட்ரா போட்டு உறிஞ்சும். மத்தியான வெயிலில் பூசினால் வினை முடிவதற்குள் தண்ணீர் ஆவியாகி, பூச்சு பிஸ்கெட் மாதிரி உதிரும். அதனால் நிழல் விழுகிற பக்கமாகப் பார்த்து வேலை செய்வார்கள். வெயில் பக்கத்துக்குத் துணி கட்டி நிழல் போடுவார்கள். காலையும் மாலையும் தண்ணீரைப் பனி மாதிரி தெளிப்பார்கள். முதல் கோட்டுக்கும் இரண்டாவதுக்கும் நடுவே இரண்டு நாள். இரண்டாவதுக்கும் கலர் கோட்டுக்கும் நடுவே ஏழு நாள். அவசரக்காரனுக்கு இங்கே வேலையே கிடையாது.

கலர் கோட்டில் இன்னொரு தலைவலி. பழைய சுவர் வெயிலில் வெளுத்திருக்கும். புது ஒட்டு பளிச்சென்று, புதுச் சட்டையில் பழைய துணி ஒட்டுப் போட்ட கணக்காகத் துருத்தும். அதனால் ஒட்டுப் போட்ட இடத்தோடு நிறுத்தாமல், மூலையில் இருந்து மூலை வரை அந்தப் பக்கச் சுவர் முழுக்கவே கலர் கோட் அடிப்பதுதான் நல்ல கைவேலைக்காரர்களின் வழக்கம்.

'இவ்வளவு எதுக்கு? ரப்பர் மாதிரி நீளுற பெயிண்ட் இருக்கே, ரெண்டு கோட் அடிச்சா முடிஞ்சது' என்பார்கள் சிலர். விரிசலை அது மூடும்தான். ஆனால் தண்ணீர் மேலே கைப்பிடிச் சுவரிலோ, ஜன்னல் ஓரத்திலோ உள்ளே போய்க்கொண்டிருந்தால்? வெளியே வர வழி இல்லாமல் சுவருக்குள்ளேயே ஊறும். ஓட்டையை அடைக்காமல் ரெயின்கோட் போட்டுவிடுவது எவ்வளவு ஆபத்து என்று தெரிய வேண்டுமானால்... கிளம்புங்க தாவோஸுக்கு!

ஒரு சர்ச்சின் கதை

சான்டா ஃபேயில் இருந்து வடக்கே சுமார் 110 கிலோமீட்டர். ரியோ கிராண்டே நதி ஓரமாக மலை ஏறுகிற ரோடு. தாவோஸ் ஊருக்குச் சற்று முன்னாலேயே ராஞ்சோஸ் தே தாவோஸ் என்ற சின்ன ஊர். அங்கேதான் புனித பிரான்சிஸ் அசிசி சர்ச். 1816 வாக்கில் கட்டி முடித்தது. முழுக்க அடோபி.

முன்பக்கம் இரண்டு மணிக்கூண்டு. ஆனால் கூட்டம் நிற்பது பின்பக்கம்! ஜன்னல் இல்லாத, தேனடை கலரில், பெரிய யானை ஒன்று முதுகு காட்டி உட்கார்ந்திருப்பது போன்ற மண் சுவர். அதற்கு முட்டுக்கொடுக்கிற பிரம்மாண்டமான தாங்குசுவர்கள். ஓவியர் ஜார்ஜியா ஓ'கீஃப் இந்தப் பின்சுவரைத்தான் திரும்பத் திரும்ப வரைந்தார். ஆன்சல் ஆடம்ஸும் பால் ஸ்ட்ராண்டும் போட்டோ எடுத்தார்கள்.

இந்தச் சுவருக்குத் தலைமுறை தலைமுறையாக மண் பூச்சுதான். ஒவ்வொரு மழைக்கும் கொஞ்சம் கரையும். ஊர்க்காரர்கள் சேர்ந்து மறுபடி பூசுவார்கள். இது நடந்துகொண்டே இருந்தது. ஆனால் காலம் மாறியது. எல்லோருக்கும் வேலை, ஷிஃப்ட். வருஷா வருஷம் மண் மிதிக்க யாருக்கு நேரம்? 'ஒரே தடவை, கெட்டியா முடிச்சிடலாம்' என்ற யோசனை யாருக்குத்தான் வராது? 1967-ல் சிமெண்ட் ஸ்டக்கோ பூசினார்கள். அப்போது அது சோம்பேறித்தனம் இல்லை. நியாயமான முடிவாகத்தான் தெரிந்திருக்கும். 1970-ல் அமெரிக்க அரசு இந்த சர்ச்சைத் தேசிய வரலாற்றுச் சின்னமாகவும் அறிவித்தது. வெளியே பார்த்தால் எல்லாம் பக்கா.

உள்ளே?

மண் கல்லுக்கு ஈரம் புதுசு இல்லை. தரையில் இருந்து ஓதம் ஏறும், மேலே இருந்து மழை இறங்கும். மண் பூச்சு இருந்தவரை அந்த ஈரம் வெயில் வந்ததும் ஆவியாகி வெளியே போய்க்கொண்டிருந்தது. சுவருக்கு வேர்த்து, வேர்வை காய்ந்த மாதிரி. சிமெண்ட் அந்தத் துவாரங்களை அடைத்துவிட்டது. அதோடு, சிமெண்ட் விரிகிற அளவு வேறு, மண் விரிகிற அளவு வேறு. இரண்டுக்கும் இயல்பான ஒட்டுதல் கிடையாது. விரிசல் விட்டது. விரிசல் வழியே மழை உள்ளே போனது. போன தண்ணீர் திரும்பி வரவில்லை.

காய்ந்த அடோபி பாறை மாதிரி பாரம் தாங்கும். நனைந்த அடோபிக்குப் பெயர் சேறு. இதில் பெரிய கொடுமை என்ன தெரியுமா? மண் பூச்சு கரைந்தால் கண்ணுக்குத் தெரியும். சிமெண்ட் ஓட்டுக்குப் பின்னால் சுவர் கரைந்தால் தெரியவே தெரியாது. வெளியே புது மாப்பிள்ளை மினுமினுப்பு, உள்ளே சேறு. ஓடு பெயர்ந்து விழும்போதுதான் உண்மை வெளியே வரும்.

1979-ல் அந்தச் சிமெண்ட் முழுவதையும் உரித்தார்கள். கரைந்த இடங்களைப் புது அடோபி வைத்துச் சரிசெய்தார்கள். அடுத்து என்ன பூசுவது? மறுபடி மண்! இப்போதும் வருஷா வருஷம் கோடையில் அந்தச் சர்ச்சைச் சேர்ந்த குடும்பங்களும் தொண்டர்களும் சேர்ந்து பூசுகிறார்கள். சான்டா ஃபேயில் இருக்கிற இன்னொரு பழைய சர்ச்சான சான் மிகேலிலும் 2010-களில் சிமெண்டை உரித்துவிட்டு மண்ணுக்குத் திரும்பினார்கள்.

பாட்டிகளின் டெக்னாலஜி

இந்த மண் பூச்சு வேலைக்கு ஸ்பானிஷில் 'என்ஹாரே' என்று பெயர். நியூ மெக்சிகோவில் சுவர் எழுப்புவது ஆண்கள் வேலை என்றால், பூசுவது பரம்பரையாகப் பெண்கள் வேலை. அவர்களுக்கு 'என்ஹாரதோரா' என்று தனிப் பட்டப்பெயரே உண்டு.

மண்ணைச் சலித்து, மணல் சேர்த்து, வைக்கோலை வெட்டிப் போட்டு, தண்ணீர் விட்டுக் குழைப்பார்கள். களி அதிகமானால் காயும்போது வெடிக்கும். மணல் அதிகமானால் மழையில் உதிரும். எது எவ்வளவு என்று அந்தந்த ஊர் மண்தான் சொல்லும். அதனால் முதலில் சுவரில் சின்னச் சின்னத் திட்டாகப் பூசி, காயவிட்டுப் பார்ப்பார்கள். வைக்கோலுக்கு இரண்டு வேலை. சுருங்குகிற மண்ணைப் பிடித்து நிறுத்துவது ஒன்று. வழிகிற மழைநீரை ஒரே கோடாக ஓடவிடாமல் சிதறடிப்பது இன்னொன்று. பழைய சுவரை நனைத்து, கையாலேயே அப்பி, கரணையால் இழுத்து, ஆட்டுத்தோல் துண்டால் நீவி முடிப்பார்கள். அபிரகம் கலந்த மண் கிடைத்தால், சாயங்கால வெயிலில் சுவர் மினுக்கும் பாருங்க... எந்தப் பெயிண்ட் கம்பெனியும் கிட்ட வர முடியாது!

இதற்குள் இருக்கிற சூத்திரம் ஒரே வரி: பூச்சு எப்போதும் சுவரை விட மென்மையாக இருக்க வேண்டும். அடி விழுந்தால் பூச்சு வாங்கிக்கொள்ளும், சுவர் பிழைக்கும். பூச்சைத் திரும்பப் போடலாம். சுவரைப் போட முடியுமா? பூச்சு கரைவது தோல்வி இல்லை பாஸ், அதன் டியூட்டியே அதுதான். மரச்சட்டம், கான்கிரீட் கல் வீட்டுக்குச் சிமெண்ட் ஸ்டக்கோ கச்சிதமான சட்டை. மண் வீட்டுக்கு அதே சட்டை மூச்சு முட்டும். சிமெண்ட் வில்லன் இல்லை. ஆள் மாறிப் போட்டதுதான் வில்லங்கம்.

அடிச்சுவரிலும் இதே தவறு பல ஊரில் நடந்திருக்கிறது. தரை ஓரமாக மண் சுவர் அரித்துக் குழி விழும். உடனே காலைச் சுற்றி கான்கிரீட் பட்டை கட்டிவிடுவார்கள். அடியில் வெளியேற முடியாத ஓதம் பட்டைக்கு மேலே ஏறி, முன்பை விட உயரத்தில் சுவரைத் தின்னும். கட்டு போட்ட இடத்துக்கு மேலே புண் ஏறுகிற மாதிரி!

இன்னமும் ஆள் இருக்கிற வீடு

கடைசி ஸ்டாப், தாவோஸ் ப்வெப்லோ. பழங்குடி மக்களின் ஊர். ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிய மண் வீடுகள், ஒரு பக்கம் ஐந்து மாடி வரை. பல நூறு வருஷமாக ஆள் குடியிருந்துகொண்டே இருக்கிற இடம். 1992-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னம் ஆனது. பழைய மதிலுக்குள் இன்றைக்கும் கரண்ட் கிடையாது, குழாய்த் தண்ணீர் கிடையாது.

இவ்வளவு பழைய வீடு எப்படி நிற்கிறது? ஸ்பெஷல் சிமெண்ட்டா, வெளிநாட்டு கெமிக்கலா? ஒன்றும் இல்லை. கரைந்ததைப் பூசுகிறார்கள். மறுபடி கரைகிறது. மறுபடி பூசுகிறார்கள். இன்று நீங்கள் தொடுகிற மேல் மண் அநேகமாகப் போன ஒன்றிரண்டு வருஷத்து மண். அதற்குள் இருக்கிற சுவர் நூற்றாண்டுகளைப் பார்த்தது.

அங்கே போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. இது மியூசியம் இல்லை. மக்கள் வாழ்கிற ஊர். சடங்கு நாட்களிலும், குளிர்காலம் முடிகிற சமயத்தில் சில வாரங்களும் வெளியாட்களுக்கு அனுமதி இருக்காது. முன்கூட்டியே விசாரித்துக்கொண்டு போங்கள். யாரையும் கேட்காமல் போட்டோ எடுக்காதீர்கள். சுவரைத் தடவிப் பார்க்க ஆசை வந்தால் அதற்கும் கேட்டுக்கொள்ளுங்கள். அது ஒருத்தர் வீட்டுச் சுவர்!

இந்த ரூட்டைச் சுற்றி வந்தால் ஒன்று மட்டும் உறைக்கும். 'ஒரு தடவை பண்ணிட்டா போதும், அப்புறம் திரும்பிப் பார்க்க வேண்டாம்' என்று யாராவது ஒரு பூச்சை விற்றால், உஷார்! திரும்பிப் பார்க்க வேண்டாத சுவர் உலகத்தில் கிடையாது. பார்க்காமல் விட்ட சுவர் மட்டும்தான் உண்டு. சிமெண்ட் வீட்டுக்காரருக்கு வருஷத்தில் இரண்டு தடவை வீட்டைச் சுற்றி ஒரு நடை, தூம்பில் அடைத்த இலையை எடுத்துப் போடுவது, மயிரிழை விரிசலை மயிரிழையாக இருக்கும்போதே அடைப்பது. மண் வீட்டுக்காரருக்குக் கோடையில் சில நாள் கையில் சேறு. கணக்குப் போட்டால் இரண்டுமே சின்ன வேலைதான். தள்ளிப் போட்டால்தான் பெரிசாகும்.

செமஸ்டர் முழுக்கப் புத்தகத்தைத் தொடாமல், கடைசி ராத்திரி மொத்தத்தையும் பூசி மெழுகுகிற பார்ட்டிகளுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையா என்ன?